நாயின் கண்ணும் செத்த குதிரையும்: ஆஸ்திரேலிய ஸ்லாங்கில் புதிர் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஃபுட்டி மேட்ச் பார்க்கப் போனவன், நாயின் கண்மேல் செத்த குதிரையை ஊற்றிச் சாப்பிட்டான். என்ன சாப்பிட்டான்?"

சிட்னியில் நாங்கள் நாலைந்து குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். அங்கே புதிர் போடுவது என் பங்கு. இந்தப் புதிரைப் போட்ட அன்று ஒருவரும் அவிழ்க்கவில்லை. "தக்காளி சாஸ் ஊற்றிய இறைச்சிப் பை" (மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் பலகாரம்) என்று விடையைச் சொன்ன பிறகும் யார் முகத்திலும் அந்த "அட!" வரவில்லை. "அது எப்படி?" என்றுதான் கேட்டார்கள். விடை கிடைக்காமல் போவதில் தவறே இல்லை. விடை தெரிந்த பிறகும் வந்த வழி புரியவில்லை என்றால் தப்பு புதிர் போட்டவர்மேல்.

வழி இதுதான். லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து கப்பலேறி வந்த ஒரு பழக்கம் ஆஸ்திரேலியாவில் இன்றும் இருக்கிறது. சொல்ல வந்த சொல்லை விட்டுவிட்டு, அதே ஓசையில் முடியும் வேறொரு தொடரைச் சொல்வார்கள். நம் இலக்கணத்தில் இயைபு என்கிறோமே, அதுதான் சாவி. பை என்பதற்கு 'டாக்ஸ் ஐ', அதாவது நாயின் கண். சாஸ் என்பதற்கு 'டெட் ஹார்ஸ்', செத்த குதிரை. தமிழில் எழுதிப் பார்த்தால் ஹார்ஸும் சாஸும் கொஞ்சம் இடிக்கும். ஆனால் ஆஸ்திரேலியர் வாயில் அந்த நடு 'ர்' ஒலிப்பதே இல்லை. 'ஹோஸ்', 'சோஸ்' என்று இரண்டும் ஒரே அச்சில் வந்து விழும். 'ர்' ஒலியை அழுத்திச் சொல்லும் அமெரிக்கருக்கு இந்த இயைபு காதில் ஏறாது. நான் அன்று ஓசையைக் கழற்றிவிட்டுப் பொருளை மட்டும் தமிழாக்கிக் கொடுத்தேன். பூட்டைக் கையில் கொடுத்துச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த மாதிரி ஆகிவிட்டது. "ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கடைசி ஓசையைக் கவனியுங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

இதில் இன்னொரு படியும் உண்டு. பல சமயம் இயைபு வரும் பாதியையே வெட்டிவிட்டு முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். 'ஷார்க்' என்பதற்கு 'நோவாஸ் ஆர்க்', அதாவது நோவாவின் பேழை. நாளடைவில் பேழை கழன்று போய் வெறும் 'நோவா' மிஞ்சியது. இதை வைத்து நான் பிறகு போட்ட புதிர்: "கடலில் குளித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, 'நோவா வருகிறார்!' என்று ஒருவன் கத்தினான். அத்தனை பேரும் அலறிக்கொண்டு கரையேறினார்கள். ஏன்?" நோவா என்றதும் எல்லோருக்கும் வெள்ளமும் கப்பலும் ஞாபகம் வரும். கடலும் அதோடு ஒத்துப்போகும். பேழையின் ஆங்கிலப் பெயரைச் சொல்லிப் பார்த்தால் சுறா எட்டிப் பார்க்கும். மேலோட்டமான கதையும் நன்றாக இருக்க வேண்டும், அடியில் உள்ள வழியும் நேராக இருக்க வேண்டும். நல்ல சிலேடைக்கு நாம் கேட்பதும் இதைத்தானே!

அப்புறம், கண்ணுக்காகப் புதிர் எழுதுவது. ஆஸ்திரேலிய ஸ்லாங் காதுக்கானது. 1964-இல் எழுத்தாளர் மோனிகா டிக்கன்ஸ் சிட்னியில் தன் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சார்லஸ் டிக்கன்ஸின் கொள்ளுப்பேத்தி அவர். ஒரு பெண் புத்தகத்தை நீட்டி 'எம்மா சிசிட்' என்றார். அதைப் பெயர் என்று நினைத்த மோனிகா, 'எம்மா சிசிட்டுக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தப் பெண் கேட்டது விலையை. 'ஹவ் மச் இஸ் இட்' என்பதில் முன்னால் உள்ள ஹகரம் உதிர்ந்து, மீதி நான்கு சொல்லும் ஒட்டிக்கொண்டால் அந்தப் பெயர் பிறக்கிறது. இந்தச் சம்பவத்தைத் தொட்டு அலிஸ்டர் மாரிசன் என்ற ஓவியர், ஆஸ்திரேலிய உச்சரிப்பை அப்படியே எழுத்தாக்கி ஒரு விளையாட்டையே தொடங்கிவிட்டார். அதற்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'அஃபர்பெக் லாடர்'. இதைக் கண்ணால் பத்து தடவை படித்தாலும் ஒன்றும் நடக்காது. வேகமாக, வாயை அதிகம் திறக்காமல் சொல்லிப் பாருங்கள். 'ஆல்ஃபபெட்டிக்கல் ஆர்டர்', அகரவரிசை!

ஆகவே ஒரு ஸ்லாங்கைத் தமிழ் எழுத்தில் புதிருக்குள் வைக்கும் முன், அதைச் சொல்லுபவர் வாயிலிருந்து ஒருமுறை கேட்டுவிடுங்கள். வண்டிப் பதிவுக்கு இங்கே எல்லோரும் சொல்வது 'ரெஜோ'. ரெஜிஸ்ட்ரேஷனின் சுருக்கம். ஆங்கில எழுத்தைப் பார்த்து அதை 'ரெகோ' என்று எழுதிவிட்டால் இந்த ஊரில் பத்து வருஷம் கார் ஓட்டியவருக்கும் புரியாது. கொசுவைச் சொல்லும் 'மோஸி'யில் வரும் உரசல் ஒலிக்கு நம்மிடம் தனி எழுத்து கிடையாது. அந்த மாதிரிச் சொற்களை எழுத்துப் புதிரில் போடாமல், குரலில் கேட்கும் புதிருக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.

அதிகம் பேர் விழும் குழி சுருக்கச் சொற்களில்தான் இருக்கிறது. மத்தியானம் 'ஆர்வோ', பெட்ரோல் பங்க் 'சர்வோ', மதுக்கடை 'பாட்டில்-ஓ' என்று நாலு சொல் கேட்டதும், எந்தச் சொல்லின் பின்னாலும் ஓகாரத்தை ஒட்டலாம் என்று தோன்றிவிடும். அப்படி இல்லை. குப்பை அள்ளுபவர் 'கார்போ', ஆம்புலன்ஸ்காரர் 'ஆம்போ'. அதே தெருவில் வரும் தபால்காரர் 'போஸ்ட்டி', தீயணைப்பு வீரர் 'ஃபயரி'. 'போஸ்ட்டோ' என்று எவரும் சொல்வதில்லை, 'ஆம்பி' என்றும் சொல்வதில்லை. எலக்ட்ரீஷியன் 'ஸ்பார்க்கி', தச்சர் 'சிப்பி', பத்திரிகையாளர் 'ஜர்னோ'. ஏன் இவருக்கு இகரம், அவருக்கு ஓகாரம் என்று கேட்டால் நேரான விதி எதுவும் கையில் சிக்காது. வழக்கம் எதுவோ அதுதான். பெயர்களில் இன்னொரு வேடிக்கை நடக்கும். பேரி என்பவர் 'பாஸா', ஷாரன் 'ஷாஸா', கேரி 'காஸா'. நடுவில் ரகரம் இருக்கும் பெயர்களுக்கே இது நன்றாக வாய்க்கும். நீங்களாகவே ஒரு சுருக்கத்தை உருவாக்கி அதை விடையாக வைத்தால், அவிழ்ப்பவர் உங்கள் மனசுக்குள் புகுந்து பார்த்தால்தான் உண்டு. விடை தெருவில் நடமாடும் சொல்லாக இருக்க வேண்டும்.

எந்தத் தெரு என்பதும் முக்கியம். நான் ஒரு கணக்குப் புதிர் போட்டேன்: "ஒருவர் மூன்று ஸ்கூனர் பீர் வாங்கினார். மொத்தம் எத்தனை மில்லிலிட்டர்?" சிட்னியில் ஒரு ஸ்கூனர் 425 மில்லி என்பதால் என் விடை 1275. அடிலெய்டில் வளர்ந்த நண்பர் ஒருவர் 855 என்றார். அவர் சொன்னதும் சரிதான். தெற்கு ஆஸ்திரேலியாவில் ஸ்கூனர் என்றால் 285 மில்லி, அங்கே 425 மில்லி கிளாஸுக்குப் பெயர் 'பைன்ட்'. அந்த 285 மில்லியையே சிட்னியில் 'மிடி' என்பார்கள், மெல்போர்னில் 'பாட்' என்பார்கள். நீச்சல் உடைக்குக் குயின்ஸ்லாந்தில் 'டாக்ஸ்', விக்டோரியாவில் 'பேதர்ஸ்', நியூ சவுத் வேல்ஸில் 'ஸ்விம்மர்ஸ்' அல்லது 'காஸி'. நாயின் கண் புதிரில் வந்த 'டாக்ஸ்' வேறு, இந்த 'டாக்ஸ்' வேறு. ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் வேறு, தமிழில் எழுதினால் இரட்டைப் பிறவி மாதிரி நிற்கும். புதிருக்குள் ஊர்ப்பெயரை எங்காவது வைத்துவிடுங்கள். "அடிலெய்டு பாரில்" என்ற இரண்டு சொல் போதும், சண்டை வராது.

விளம்பரத்தில் கேட்டதை ஆஸ்திரேலியப் பேச்சு என்று நம்புவதும் அடிக்கடி நடக்கிறது. 'பார்பியில் ஷ்ரிம்ப்' (பார்பிக்யூ அடுப்பில் இறால்) என்பது உலகம் முழுக்க ஆஸ்திரேலியாவின் முத்திரை வாக்கியம்போல ஆகிவிட்டது. அது 1984-இல் நடிகர் பால் ஹோகனை வைத்து அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகளுக்காக எடுத்த விளம்பரத்திலிருந்து வந்தது. அமெரிக்கருக்குப் புரிய வேண்டுமே என்று அவர்களுடைய சொல்லைப் போட்டார்கள். இங்கே சந்தையிலும் சமையலறையிலும் அது 'ப்ரான்' மட்டும்தான். 'காபர்' (நண்பன்), 'பான்சர்' (பிரமாதம்), 'ஸ்ட்ரூத்' (அட கடவுளே) எல்லாம் தாத்தா காலத்துச் சொற்கள். அவற்றை வைக்கலாம், குறிப்பில் 'பழைய' என்ற சொல்லையும் வைத்துவிட்டால் நியாயம். இன்று பிள்ளைகள் வாயில் இருப்பது 'மாக்காஸ்'. இந்தச் சொல் எந்த அளவுக்கு ஊறிப்போனது என்றால், 2013 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் சில கிளைகளின் பெயர்ப்பலகையையே 'மாக்காஸ்' என்று மாற்றி வைத்தது.

நான் மிகவும் வருந்தும் தவறு ஒன்று உண்டு. வினாடி வினாக்களில் இன்னமும் வருகிறது: "கங்காரு என்ற சொல்லின் பொருள் என்ன?" விடை, "எனக்குத் தெரியாது". வெள்ளைக்காரர் விலங்கைக் காட்டிக் கேட்டாராம், பழங்குடி மனிதர் தெரியாது என்றாராம், அதையே பெயராக எழுதிக்கொண்டாராம். கதை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொய். 1770-இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் பழுதாகி, இன்றைய குக்டவுன் இருக்கும் ஆற்றங்கரையில் நின்றபோது, குகு யிமிதிர் மொழி பேசிய மக்களிடமிருந்து எழுதிக்கொண்ட சொல் அது. அந்த மொழியில் 'கங்குரு' என்பது ஒரு வகைப் பெரிய கங்காருவின் பெயர். 1970-களில் மொழியியலாளர் ஜான் ஹேவிலண்ட் அந்த மக்களோடு இருந்து படித்து இதை உறுதி செய்தார். தன் காட்டு விலங்கின் பெயரைச் சரியாகச் சொன்ன ஒரு மனிதரை, ஒன்றும் தெரியாதவராக நாம் மறுபடி மறுபடி மேடையேற்ற வேண்டாம். 'கூயி' என்ற கூவல் சிட்னிப் பக்கத்து தாருக் மொழியிலிருந்தும், கடும் உழைப்பைச் சொல்லும் 'யாக்கா' பிரிஸ்பேன் பக்கத்து யாகரா மொழியிலிருந்தும் வந்தவை. இவற்றைக் கேள்வியாகப் போட்டால் புதிரும் கிடைக்கும், அந்த மொழிகளின் பெயரும் நாலு பேர் காதில் விழும்.

சொற்பிறப்பு விஷயத்தில் பொதுவாகவே கவனம் தேவை. ஆங்கிலேயரைக் குறிக்கும் 'பாம்' என்ற சொல்லை, கைதி என்று பொருள்படும் ஒரு தொடரின் முதல் எழுத்துகள் என்று பலர் விளக்குவார்கள். அது பிற்பாடு கட்டிய கதை. மாதுளம்பழத்தின் ஆங்கிலப் பெயரையும் 'இமிக்ரன்ட்' என்ற சொல்லையும் வைத்து விளையாடியதில் பிறந்ததுதான் 'பாம்'. முதல் எழுத்துகளைக் கோர்த்த விளக்கம் எங்கே வந்தாலும் சந்தேகப்படுங்கள்.

குழந்தைகள் இருக்கும் இடத்தில் 'ரூட்' என்ற சொல்லை வைத்துச் சிலேடை செய்யாதீர்கள். அமெரிக்காவில் ஓர் அணிக்கு ஆதரவு தெரிவிக்க அதைச் சொல்வார்கள், இங்கே அதன் பொருள் படுக்கையறை சம்பந்தப்பட்டது. அணியை ஆதரிக்க இங்கே உள்ள சொல் 'பேரக்'. இனத்தையோ பிறந்த நாட்டையோ வைத்துச் சுருக்கிய பெயர்களை அடியோடு விட்டுவிடுங்கள். சர்வோவில் விளையாட்டாக இருக்கும் அதே ஓகாரம், பழங்குடி மக்களின் பெயருக்குப் பின்னால் ஒட்டும்போது வசவாகிவிடுகிறது. நம்மைப் போல வந்து குடியேறியவர்களைக் குறிக்கும் சொற்களும் அப்படித்தான். எந்தப் புதிருக்கும் அந்தச் சொற்கள் தேவைப்படவில்லை.

கடைசியாக, கட்டங்கள். ஆங்கிலக் குறுக்கெழுத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முயன்று கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்து எண்ணிக்கை மாறிவிடுகிறது, எழுத்துகளைக் கலைத்து அடுக்கும் வித்தை உயிர்மெய்யில் உடைந்துபோகிறது. ஆங்கிலத்தில் 'ஆர்வோ' நாலு எழுத்து, 'சர்வோ' ஐந்து. தமிழில் இரண்டும் மும்மூன்று. இதைக் குறை என்று நினைத்துத்தான் நானும் கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தேன். பிறகு ஒரு நாள் இரண்டையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். முதல் எழுத்தைத் தவிர மீதி இரண்டும் அப்படியே ஒன்று. அடுத்த கூட்டத்தில் இதைப் போட்டேன்: "மத்தியானத்தின் தலையை மாற்றினால் பெட்ரோல் போடலாம். எப்படி?"

எட்டு வயதுப் பெண் ஒருத்தி, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லிவிட்டாள்.