ஆளில்லாத மலையில் ஏறுவதற்கு முன்

ஆள் நடமாட்டமே இல்லாத மலைக்குக் கிளம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்றுதான். உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் அந்த நேரமானால் திரும்பிவிட வேண்டும். கால் சோர்ந்து, வெளிச்சமும் குறைந்த பிறகு இறங்குவதில்தான் ஆபத்து அதிகம்.

நேரத்தைக் கணக்கிட, ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன விதி போதும். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். இது நல்ல தரையில் நிற்காமல் நடப்பவருக்கு. பாதையில்லாத இடமென்றால் நான் இன்னும் பாதி நேரம் கூட்டிக்கொள்வேன்.

அப்புறம் வரைபடம். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து என்பது தெரிந்ததுதான். ஆனால் மேலே விலகியும் கீழே நெருங்கியும் இருக்கும் சரிவை மட்டும் நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் சாதுவாகத் தெரியும். கொஞ்ச தூரம் இறங்கிய பிறகுதான் செங்குத்து கண்ணில் படும். முதல்முறை போகிறவர்கள் ஏறிய வழியிலேயே இறங்குவது நல்லது. அதற்காக, ஏறும்போதே அடிக்கடி நின்று திரும்பிப் பாருங்கள். இறங்கும்போது அதே மலை வேறு மாதிரி இருக்கும்.

ஈரமான மேட்டுநிலத்தில் பளிச்சென்ற பச்சைப் பாசி மெத்தை மாதிரி படர்ந்திருந்தால் காலை வைக்காதீர்கள், அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். சந்தேகமென்றால் கம்பால் குத்திப் பாருங்கள். கொத்துக் கொத்தாகப் புல் முளைத்த இடத்தில் இடுக்கில் கால் மாட்டிக் கணுக்கால் பிசகும். எட்டுகளைச் சின்னதாக வையுங்கள்.

1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும், காற்று வீசினால் குளிர் இன்னும் உறைக்கும். பருத்தி உடை வேண்டாம். நனைந்தால் சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். கம்பளியோ செயற்கை இழையோ சரி. குளிரில் போன் பேட்டரி வேகமாக இறங்கும் என்பதால் காகித வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருக்கட்டும். இடி கேட்டால் முகட்டை விட்டு உடனே இறங்குங்கள்.

ஒரு விசிலும் வேண்டும். சிக்கிக்கொண்டால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். பதிலுக்கு மூன்று முறை விசில் கேட்டால், உங்கள் சத்தம் அவர்களுக்குக் கேட்டுவிட்டது. ஆனாலும் ஆள் வந்து சேரும்வரை ஊதிக்கொண்டே இருங்கள். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவர்கள் வழி பிடிப்பார்கள்.