நோவாவுக்கு ஒட்டிய ஒரு சொல்: யூத உரைகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ் வேதாகமத்தில் ஆதியாகமம் 6:9-ஐ எடுத்துப் பாருங்கள். பிரளயத்தில் பேழையோடு தப்பிய நோவா ‘தன் காலத்தில் இருந்தவர்களுக்குள்ளே’ நீதிமானும் உத்தமனுமாயிருந்தான் என்று இருக்கும். இவ்வளவு நீளமாக வரும் இடத்தில் எபிரேயத்தில் இருப்பது ஒரே சொல்தான்: பெதோரோத்தாவ். ‘தோரோத்’ என்றால் தலைமுறைகள், ‘ஆவ்’ என்றால் அவனுடைய. ‘பெ’ நம்முடைய ‘இல்’ உருபு மாதிரி. நமக்கு அது சொல்லின் வாலில் ஒட்டும், அங்கே தலையில் ஒட்டுகிறது. ஆக, ‘தன் தலைமுறைகளில்’. அவ்வளவுதான்.

தமிழ்ப் பெயர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யூத உரைகளுக்குள், அதாவது வேதாகமத்துக்கு யூத அறிஞர்கள் எழுதிய விளக்கங்களுக்குள், போவது முதல் தவறு. பெயர்ப்பில் பன்மை மறைந்துவிட்டது. ‘இருந்தவர்களுக்குள்ளே’ என்றதும் மற்றவர்களோடு ஒப்பிடும் சாயலும் ஏறிவிட்டது. உரையாசிரியர்கள் சண்டை போடுவதே அந்த ஒப்பீட்டைப் பற்றித்தான்!

இதைவிடப் பெரிய தவறு, அவர்கள் சொல்லுக்குப் பொருள் தேடுகிறார்கள் என்று நினைப்பது. பொருள் அவர்களுக்குத் தெரியும். ‘நோவா நீதிமான், உத்தமன்’ என்றாலே வாக்கியம் முடிந்துவிடுகிறதே, அப்புறம் இந்தச் சொல் எதற்கு? அவர்களுடைய கேள்வி இது. இதைப் பிடிக்காமல் உரையைப் படித்தால் வீண் வாதம் போலத்தான் தெரியும்.

யூதர்களின் பழைய சட்ட, விளக்கத் தொகுப்பான தல்மூதில், சன்ஹெட்ரின் பகுதியின் 108-ஆம் ஏட்டில் இரண்டு யூத குருமார் மோதுகிறார்கள். ‘அவன் தலைமுறைகளில்தான் நீதிமான், வேறு தலைமுறைகளில் அல்ல’ என்கிறார் ரபி யோகனான். ‘அப்படிப்பட்ட கெட்ட தலைமுறைகளிலேயே நீதிமான் என்றால், நல்ல தலைமுறையில் இன்னும் எப்படி இருந்திருப்பான்!’ என்கிறார் ரெஷ் லாகிஷ். அங்கேயே இரண்டு உவமைகளும் வருகின்றன. காடிப் பீப்பாய்களுக்கு நடுவே வைத்த திராட்சை மது அந்த இடத்தில்தான் மணக்கும், இது யோகனானுக்கு. குப்பையில் கிடக்கும் நறுமணத் தைலக் குப்பி அங்கேயே மணக்கிறது என்றால், வாசனைப் பொருள்களுக்கு நடுவே கேட்கவா வேண்டும்? இது ரெஷ் லாகிஷுக்கு.

ரெஷ் லாகிஷ் ஒரு காலத்தில் வழிப்பறிக் கும்பலில் இருந்தவர் என்று தல்மூதே வேறோர் இடத்தில் சொல்கிறது. கெட்ட சூழலில் நல்லவனாக நிற்பது எவ்வளவு கடினம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அது என் ஊகம். இப்படிப்பட்ட ஊகத்தை உரையின் வாக்காக எடுத்துச் சொல்வதும் தவறுதான்.

சரி, யார் சொன்னது முடிவு? இந்தக் கேள்வியோடு வேதாகம உரையாசிரியர் ராஷியிடம் போகாதீர்கள். 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துருவா நகரில் இருந்த அவர், ‘சிலர் புகழ்ச்சியாகக் கொள்கிறார்கள், சிலர் குறையாகக் கொள்கிறார்கள்’ என்று இரண்டையும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆபிரகாமின் தலைமுறையில் இருந்திருந்தால் நோவா ஒரு பொருட்டாகவே இருந்திருக்கமாட்டான் என்ற பின்பாதியை மட்டும் வெட்டி எடுத்து, ‘யூதர்கள் நோவாவை மதிப்பதில்லை’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. யோகனானின் உவமையிலும் மது மதுதான், காடி அல்ல.

எல்லா உரையும் இப்படி உவமையாகவே பேசும் என்றும் நினைக்க வேண்டாம். இன்னோர் உரையாசிரியரான இப்ன் எஸ்ரா பன்மையைப் பிடித்துக் கணக்குப் போடுகிறார்: பிரளயத் தலைமுறை மட்டுமல்ல, அதன் பின் வந்தவையும் நோவாவின் தலைமுறைகளே, ஆபிரகாமுக்கு 58 வயதாகும்வரை நோவா உயிரோடு இருந்தான். அந்தத் தலைமுறைகளில் நோவாவைத் தவிர வேறு நீதிமானே இல்லை என்பதுதான் நேர்ப்பொருள் என்கிறார் ரம்பான். இவர் 13-ஆம் நூற்றாண்டு நக்மனிதிஸ். வேறொரு யூத அறிஞரான மைமோனிதிஸ் என்ற ரம்பாமோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

6:9-ஐ முடித்ததும் 7:1-க்குப் போங்கள். கடவுள் நோவாவிடம் நேரில் பேசும் இடம். அங்கே ‘தலைமுறை’ ஒருமையில் இருக்கிறது, ‘நீதிமான்’ இருக்கிறது, ‘உத்தமன்’ இல்லை. ஏன் இல்லை என்று ராஷி உடனே கேட்கிறார். ஒருவரின் முகத்துக்கு நேரே அவர் புகழில் கொஞ்சத்தைத்தான் சொல்வார்கள், முழுவதையும் அவர் இல்லாதபோது சொல்வார்கள் என்பது அவர் எடுத்துக்காட்டும் பதில்.