பார்த்த படத்தை மறுபடியும் பார்ப்பது எப்படி

ஒரு படத்தைப் பற்றிய நம் கருத்து பெரும்பாலும் கொட்டகையை விட்டு வெளியே வருவதற்குள் முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு பத்து, இருபது ஆண்டுகளுக்கு அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் சினிமாத் துறையைச் சேர்ந்தவன் அல்லன், விமர்சகனும் அல்லன். வேலை முடிந்து வந்து படம் பார்க்கும் சாதாரண ரசிகன். ஆனாலும் பிடித்த படங்களை மறுபடி பார்க்கும்போது என் பழைய கருத்துகளில் பல நிற்கவில்லை என்பதைக் கண்டபின், மறுபார்வைக்கென்று சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். அவை என்னைப் போன்ற மற்ற ரசிகர்களுக்கும் பயன்படும் என்று உறுதியாக நம்புவதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு வேண்டும். படம் பார்த்த அன்றைக்கே, மற்றவர்கள் எழுதியதையும் பேசியதையும் படிப்பதற்கு முன்பாக, நாள், இடம், யாருடன் பார்த்தோம் என்பவற்றைக் குறித்துக்கொண்டு, அதன் கீழே மூன்று செய்திகளை மட்டும் எழுதுங்கள்: மனதில் நின்ற ஒரு காட்சி, உறுத்திய ஒரு காட்சி, புரியாமல் போன ஒன்று. மதிப்பெண் போடவே போடாதீர்கள். என் பழைய நோட்டு ஒன்றில் சில படங்களுக்கு நூற்றுக்கு எழுபது, எழுபத்தைந்து என்று போட்டு வைத்திருக்கிறேன். அந்த ஐந்து மதிப்பெண் எதற்காகக் கூடியது, எதற்காகக் குறைந்தது என்று இன்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. அதே நோட்டில் 'கடைசி அரை மணி நேரம் அக்காவுக்குத் தூக்கம் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை' என்று எழுதியிருந்த வரி, அந்த இரவையும் அந்தப் படத்தையும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டது.

எல்லாப் படங்களையும் மறுபடி பார்க்க வேண்டியதில்லை. அதற்கு ஆயுளும் போதாது. எந்தப் படத்தைப் பற்றி நீங்கள் அடிக்கடி பிறரிடம் அடித்துப் பேசுகிறீர்களோ அதை முதலில் எடுங்கள், ஏனென்றால் அந்தக் கருத்துக்குத்தான் சோதனை தேவைப்படுகிறது. அடுத்ததாக, வீட்டில் எல்லோரும் கொண்டாட உங்களுக்கு மட்டும் பிடிக்காமல் போன படத்தை எடுக்கலாம். நகைச்சுவைப் படத்தை எத்தனை நாள் இடைவெளியில் பார்த்தாலும் கேடில்லை. மனதைப் பாதித்த படத்துக்கு மட்டும் ஐந்தாறு ஆண்டுகளாவது கழியட்டும், அதற்குள் வயதும் வாழ்க்கையும் சற்றே நகர்ந்திருக்கும்.

படத்தை ஓட விடுவதற்கு முன்பு பத்து நிமிடம் ஒதுக்கி, அதைப் பற்றி நினைவில் இருப்பதை எழுதிவிடுங்கள்: முடிவு என்ன, பிடித்த காட்சி எங்கே வருகிறது, யார் என்ன பேசினார்கள் என்று. இந்த ஒரு பழக்கம் எனக்குக் கற்றுக்கொடுத்ததை வேறெதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. மகேந்திரன் இயக்கிய முதல் படமான 'முள்ளும் மலரும்' 1978இல் வெளிவந்தது. நான் அதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் பார்த்தேன். அதில் ரஜினிகாந்த் பேசும் 'கெட்ட பய சார்' என்ற புகழ்பெற்ற வசனம் இறுதிக் காட்சியில்தான் வருகிறது என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். நண்பர்களிடம் அப்படியே விவரித்தும் இருக்கிறேன். மறுபடி பார்த்தபோது, அது, ரஜினி நடித்த காளி என்ற பாத்திரம் கையை இழந்தபின் தன் மேலதிகாரியான இன்ஜினீயரிடம் பேசும் வேறொரு காட்சியில் வருவதையும், படம் முடியும் விதம் அதற்கு முற்றிலும் மாறாக இருப்பதையும் கண்டு அதிர்ந்துபோனேன். கைதட்டல் வாங்கிய வசனத்தை என் நினைவு தானாகவே கொண்டுபோய்க் கடைசியில் வைத்திருக்கிறது. அதாவது, மகேந்திரன் எடுக்காத ஒரு படத்தைத்தான் நான் அத்தனை நாளும் புகழ்ந்திருக்கிறேன்.

அடுத்து, எந்தப் பிரதியைப் பார்க்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜ ராஜ சோழன்' 1973இல் வந்தது. அதற்குப் பிறகு அகலத் திரைக்கென்று எடுக்கப்பட்ட எத்தனையோ படங்களை நாம் பழைய சதுர வடிவத் தொலைக்காட்சிப் பெட்டியில்தான் பார்த்திருக்கிறோம். ஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டேகால் மடங்குக்கும் மேல். பழைய பெட்டியின் அகலமோ ஒன்றேகால் மடங்கைச் சற்றே தாண்டும். திரை முழுவதும் நிரம்ப வேண்டும் என்று பக்கங்களை வெட்டினால் படச்சட்டத்தில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் போய்விடும். ஓரத்தில் நின்று மற்றவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் நடிகர் படத்திலேயே இல்லாமல் ஆகிவிடுவார். வேகத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. திரையரங்கில் படம் நொடிக்கு 24 படச்சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும். நம் நாட்டின் பழைய தொலைக்காட்சி முறை 25 சட்டங்களைக் கொண்டது. இருபத்து நான்கை இருபத்தைந்தாக அப்படியே ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், குரல்களும் சற்றே கீச்சென்று ஒலிக்கும். ஆகவே ஒரு பழைய படத்தை 'இழுவை' என்றோ 'காட்சியமைப்பு நெரிசல்' என்றோ நோட்டில் எழுதுவதற்கு முன்பு, பாட்டு, சண்டை எதுவும் வெட்டப்படாத, பக்கங்கள் குறையாத பிரதியைத்தான் பார்த்தோமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். எங்கள் ஊர்த் திரையரங்கு ஒன்றில் இரவுக் காட்சியை விரைவில் முடிப்பதற்காக இரண்டு பாடல்களை எடுத்துவிட்டு ஓட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் காதல் சட்டென்று வந்துவிடுகிறது என்று நான் வைத்த குற்றச்சாட்டு, முழுப்படத்தையும் பார்த்தபின் என் நோட்டில் வெட்கத்தோடு நிற்கிறது.

இனி பார்க்கும் முறைக்கு வருகிறேன். முதல் முறை பார்க்கும்போது நம் கண் பேசுபவரின் மீதே இருக்கும், ஏனென்றால் கதையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டாம் முறை கதை தெரியும் என்பதால் கண்ணுக்கு விடுதலை கிடைக்கிறது. அந்த விடுதலையை வீணாக்காமல், கதாநாயகனை விட்டுவிட்டு வேறு ஒரே ஒருவரைத் தேர்ந்துகொண்டு, படம் முழுக்க அவரைப் பின்தொடருங்கள். 'முள்ளும் மலரும்' படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு இருபது வயது. மலைச்சரிவில் வடத்தால் இழுபடும் வின்ச் வண்டியை ஓட்டும் காளி முரடன், ஆனால் தங்கை வள்ளி மீது உயிரையே வைத்திருப்பவன். அவனைத் தண்டிக்கும் இன்ஜினீயர் எனக்குப் பகைவராகவே தெரிந்தார். என் நோட்டில் 'திமிர் பிடித்த அதிகாரி' என்றே எழுதியிருக்கிறேன். நாற்பதை நெருங்கும்போது, எனக்குக் கீழே நான்கு பேர் வேலை பார்க்கும் நிலைக்கு வந்தபின், சரத்பாபு நடித்த அந்த இன்ஜினீயரை மட்டும் பின்தொடர்ந்து பார்த்தேன். அவர் செய்ததில் எனக்கு ஒரு தவறும் தென்படவில்லை. ஆளை வெறுத்துத் தண்டித்தவராக அவர் இப்போது தெரியவில்லை. பொறுப்பில் இருப்பவர் செய்ய வேண்டியதைச் செய்தவராகவே தெரிந்தார். காளியின் கோபம்தான் அவரைப் பகைவராக்கியிருக்கிறது; நானும் காளியின் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

அதே படத்தை இன்னொரு முறை, படாபட் ஜெயலட்சுமி நடித்த மங்காவுக்காகவே பார்த்தேன். பிழைப்புத் தேடி அந்த ஊருக்கு வந்து, காளிக்கு மனைவியாகி, அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே நிற்கும் பெண் அவள். சோற்றைப் பற்றி அவள் பாடும் பாட்டை முதல் முறை சிரித்துக்கொண்டே கேட்டிருந்தேன். பசியைத் தெரிந்தவள் பாடுகிறாள் என்பது அப்போது உறைக்கவில்லை. இப்படி ஒரு படத்துக்குள் மூன்று படங்களைப் பார்க்க முடிந்தால் அது நல்ல படம் என்று நான் தயங்காமல் சொல்வேன். எத்தனையோ படங்களில் துணைப்பாத்திரத்தைப் பின்தொடர்ந்தால் பத்து நிமிடத்தில் வழி அடைபட்டுவிடுகிறது. கதாநாயகன் இல்லாதபோது அவர்களுக்கு வாழ்க்கையே இருப்பதில்லை.

மர்மப் படங்களுக்கு இந்த முறையில் ஒரு சிறு மாற்றம் தேவை. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை. சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய 1943ஆம் ஆண்டை ஒட்டிய கதை, சிவாஜி கணேசன் சுட்டுக் கொல்லப்படுவதோடு தொடங்குகிறது. ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் நடந்ததைச் சொல்கிறார்கள். பார்க்காதவர்களுக்காக முடிவை நான் சொல்லப்போவதில்லை. பார்த்தவர்கள், விடை தெரிந்த நிலையில் முதல் இருபது நிமிடத்தை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். விசாரணையில் யார் பேசினாலும், குற்றவாளி அந்த அறையில் இருக்கும் ஒவ்வொரு கணமும் அவர் முகத்தையும் கைகளையும் மட்டுமே கவனியுங்கள். படம் நம்மை ஏமாற்றியதா, அல்லது எல்லாவற்றையும் கண்ணெதிரில் வைத்தும் நாம்தான் பார்க்கத் தவறினோமா என்பது அதில் தெரிந்துவிடும். ஏமாற்றியிருந்தால் அந்த மர்மப்படத்தை நான் இரண்டாம் தரத்தில்தான் வைப்பேன். 'அந்த நாள்' என்னிடம் முதல் தரத்தில் இருக்கிறது.

நகைச்சுவைக்குக் காதுதான் முக்கியம். 1990இல் வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் கிரேஸி மோகனின் வசனங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுவதால், ஒன்றுக்குச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த இரண்டு கடந்துவிடுகின்றன. கூட்டத்தோடு பார்த்தவர்கள் கட்டாயம் ஒரு முறை தனியாகவும் பார்க்க வேண்டும். கல்யாணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடும் பகுதியை நான் திரையைப் பார்க்காமல், அடுக்களையில் வேலை செய்தபடி ஒலியை மட்டும் கேட்டேன். கமல்ஹாசனும் டெல்லி கணேஷும் பாலக்காட்டுத் தமிழை எந்த இடத்தில் இழுக்கிறார்கள், எந்த இடத்தில் மென்று விழுங்குகிறார்கள் என்பது அப்போதுதான் பிடிபட்டது. பதற்றத்தில் குரல் ஏறும்போதும் பேச்சின் தாளம் குலையவில்லை.

சில படங்களை மறுபடி பார்க்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். 1994இல் வந்த 'மகாநதி'யை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனால் தொலைந்துபோன மகளைத் தந்தை கல்கத்தாவில் கண்டுபிடிக்கும் இடத்தை, எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்த பிறகு என்னால் தாண்ட இயலவில்லை. இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் நிறுத்திவிட்டேன். நிறுத்திய நாளையும் நிமிடத்தையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்தப் படத்தைப் பற்றி நான் எழுதியவற்றுள் மிகச் சரியான குறிப்பு அதுதான் என்று தோன்றுகிறது.

மறுபார்வை முடிந்தபின் புதிய கருத்தை எழுதும்போது பழையதை அடிக்கவோ திருத்தவோ வேண்டாம். அதன் கீழேயே, புதிய நாளைப் போட்டு எழுதுங்கள். மாறியது எது என்பதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்: வயதா, பிரதியா, உடன் இருந்தவர்களா, அல்லது ஊரின் பேச்சா? இவற்றில் கடைசியானதைக் குறித்துத்தான் எனக்கு அச்சம் அதிகம். 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' அப்போது ஓடவில்லை. பிறகு தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்த மக்கள் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கும் அது மிகவும் பிடித்த படம். வெள்ளத்தில் சிக்கிய இருவர் விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்பும் பயணத்தை எத்தனை முறையும் பார்ப்பேன். ஆனால் விபத்துக்கு முந்தைய காதல் கதை நீளம் என்று முதல் நாள் எழுதியிருந்தேன். ஊரே மனம் மாறியபின் மூன்று முறை பார்த்தும் அந்தப் பகுதி எனக்கு நீளமாகவே இருக்கிறது. அதை அப்படியேதான் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு படத்தைக் கொட்டகையில் கைவிட்டவர்கள் என்ற குற்ற உணர்ச்சியில், இருக்கும் குறையை இல்லை என்று சொல்வது அந்தப் படத்துக்கும் மரியாதை ஆகாது. அதேபோல் 'பிடித்திருக்கிறது' என்பதையும் 'நன்றாக எடுத்திருக்கிறார்கள்' என்பதையும் இரண்டு தனி வாக்கியங்களாக எழுதப் பழகுங்கள். திருவிழாவில் வெண்திரை கட்டிப் போட்ட ஒரு சாமி படம் எனக்கு இன்றைக்கும் மிகவும் பிடிக்கும்; அதை நன்றாக எடுத்த படம் என்று என்னால் சொல்ல முடியாது.

இறுதியாக, அந்தப் படத்தை இதுவரை பார்க்காத ஒருவரோடு ஒரு முறை பாருங்கள். இடையில் 'இதோ இப்போது பார்' என்று முழங்கையால் இடிக்காமல், அவர் தானாக என்ன சொல்கிறார் என்று காத்திருங்கள். சென்ற ஆண்டு அம்மாவை உட்கார வைத்து 'முள்ளும் மலரும்' போட்டேன். காளி, இன்ஜினீயர், மங்கா என்று மூவரையும் தனித்தனியே பின்தொடர்ந்துவிட்டதால் அந்தப் படத்தில் எனக்குத் தெரியாதது ஏதுமில்லை என்ற நினைப்பு எனக்கு இருந்தது. வீம்புக்காகத் தங்கையை வேறொருவனுக்குக் கட்டிக்கொடுக்கக் காளி துணியும் இடத்தில் அம்மா, வள்ளியாக நடித்த ஷோபாவின் முகத்தைக் காட்டி, "அந்தப் புள்ளைய யாருமே ஒரு வார்த்தை கேக்கலையேப்பா" என்றார்கள். என் நோட்டில் மூன்று பார்வைக்கான மூன்று பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். வள்ளியின் பெயர் 'காளியின் தங்கை' என்ற அளவில்தான் இருந்தது. நான்காவது பக்கத்தில் நாளைப் போட்டு, அம்மா சொன்ன அந்த வரியை அவர்கள் சொன்னபடியே எழுதி வைத்துவிட்டு, வரும் தீபாவளி விடுமுறைக்கு அந்தப் படத்தையே மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன்.