வீட்டின் கார்பன் தடத்தைக் குறைப்பது எப்படி? மின் அட்டையிலிருந்து தொடங்கும் செய்முறை

கார்பன் தடத்தை, அதாவது நம் அன்றாடச் செயல்களால் காற்றில் கலக்கும் கரியமில வாயுவின் அளவைக் குறைக்க விரும்புவோர் பலர் துணிப்பையில் தொடங்கித் துணிப்பையிலேயே நின்றுவிடுகிறார்கள். துணிப்பை நல்ல பழக்கம்தான். சாக்கடை அடைபடாது, மாட்டின் வயிற்றில் பிளாஸ்டிக் சேராது. ஆனால் ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் வெளியிடும் கரியமில வாயுவில் அதனால் குறைவது சொற்பம். எனவே, எது அதிகம் என்று முதலில் கணக்குப் பார்த்துவிட்டு, அங்கிருந்து கைவைப்பதே முறை. தமிழ்நாட்டின் நகர்ப்புற வீட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இந்தச் செய்முறைக்கு ஒரு நோட்டும், மின் கணக்கீட்டு அட்டையும், கேஸ் முன்பதிவுக் குறுஞ்செய்திகளும் இருந்தால் போதும்.

படி 1: ஓராண்டுக் கணக்கை எழுதுங்கள்

இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை பதிவாகும் மின் யூனிட்டுகளை, ஆறு பதிவுகளுக்கும் சேர்த்துக் கூட்டி, 0.7 ஆல் பெருக்குங்கள்; வருவது கரியமில வாயுவின் கிலோ அளவு. நாட்டு மின்தொகுப்பில் நிலக்கரியின் பங்கு இன்னும் பெரிதாக இருப்பதால், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் வெளியாகிறது. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்றுக்கு 42 கிலோ என்றும், பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ என்றும், டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ என்றும் கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, இரண்டு மாதங்களுக்கு 500 யூனிட், ஆண்டுக்கு 9 சிலிண்டர், ஸ்கூட்டருக்கு மாதம் 15 லிட்டர் பெட்ரோல் செலவாகும் நால்வர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் 2,100 கிலோ, கேஸ் 378 கிலோ, பெட்ரோல் 414 கிலோ. ஆக மொத்தம் ஏறக்குறைய 2.9 டன். இதில் முக்கால் பங்குக்கு அருகில் மின்சாரமே இருப்பதால், இந்தக் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது சுவிட்ச் போர்டைத்தான். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். எது பெரிய எண்ணோ, அந்தப் படியிலிருந்து தொடங்குங்கள்.

படி 2: ஏ.சி.யைக் கவனியுங்கள்

2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.கள் இயக்கியவுடன் 24 டிகிரியில் நிற்கும்படி அமைக்கப்படுகின்றன. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் பெரும்பாலோருக்கு உறக்கம் கெடுவதில்லை. உட்புற யூனிட்டின் வலைகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய் நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள்.

புதிதாக வாங்குவோர், பெட்டியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் ஆண்டு மின்நுகர்வு எண் 1,600 மணி நேரப் பயன்பாட்டுக்கானது என்பதை அறிந்திருக்க வேண்டும். தினமும் எட்டு மணி நேரம் வீதம் எட்டு மாதங்கள் ஓட்டும் சென்னை வீட்டில் அது 1,900 மணி நேரத்தைத் தாண்டிவிடும். அதிகம் ஓட்டுபவருக்கே ஐந்து நட்சத்திரத்தின் கூடுதல் விலை சீக்கிரம் ஈடாகும்.

மின்சாரத்தைவிடக் குறைவாகப் பேசப்படுவது ஏ.சி.க்குள் இருக்கும் வாயு. ஆர்-410ஏ என்னும் வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், அதன் வெப்பமூட்டும் விளைவு சுமார் 2 டன் கரியமில வாயுவுக்குச் சமம். மேலே கண்ட குடும்பத்தின் ஓராண்டு மின்சாரக் கணக்கு முழுவதும் அந்த ஒரு கிலோவில் அடங்கிவிடுகிறது. புதிய ஏ.சி.களில் பரவலாக உள்ள ஆர்-32 ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்கு; ஆர்-290 மிகமிகக் குறைவு. ஆகவே மெக்கானிக் வந்து "கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டுடலாம்" என்று சொன்னால், கசிவு எங்கே என்பதைச் சோப்பு நுரை தடவிக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள். நன்றாக மூடப்பட்ட ஏ.சி.யில் வாயு தானாகத் தீர்ந்துபோவதில்லை. வீடு மாறும்போது, குழாயைக் கழற்றுவதற்கு முன் வாயுவை வெளிப்புற யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கும் 'பம்ப் டவுன்' செய்யுமாறு கேளுங்கள். அவசரத்தில் பலர் வாயுவைத் திறந்துவிட்டுவிடுகிறார்கள்.

படி 3: மின்விசிறியும் கீசரும்

பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும் இடத்தில் பி.எல்.டி.சி. (தூரிகையில்லா மோட்டார்) மின்விசிறி 30 வாட்டில் சுழலும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் மூன்று மின்விசிறிகளை மாற்றினால் ஆண்டுக்குச் சுமார் 590 யூனிட், அதாவது 410 கிலோ குறையும். இது அந்தக் குடும்பத்தின் மொத்தச் சமையல் கேஸ் கணக்கைவிட அதிகம். இவ்வகை மின்விசிறிக்குப் பழைய ரெகுலேட்டரைப் பயன்படுத்தக் கூடாது. எலக்ட்ரீஷியனிடம் அதை நீக்கித் தரச் சொல்லுங்கள். 2 கிலோவாட் கீசர் கால் மணி நேரத்தில் அரை யூனிட் எடுக்கும் என்பதால், குளிக்கும் முன் போட்டு, குளிக்கப் போகும்போதே அணைத்துவிடுங்கள்.

படி 4: அடுப்படி

பருப்பையும் அரிசியையும் அரை மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் வைத்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைப்பது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள்.

கேஸை விட்டு இண்டக்ஷனுக்கு மாறினால் கார்பன் குறையும் என்பது இன்றைய நிலையில் அப்படியே உண்மையல்ல. ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்ஷனில் செய்யச் சுமார் 140 யூனிட் வேண்டும். அதற்கு ஏறத்தாழ 98 கிலோ வெளியாகும், சிலிண்டருக்கோ 42 தான். கூரையில் சூரிய மின்தகடு வைத்துப் பகலில் சமைப்பவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும்.

படி 5: பயணம்

லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு 5 கிலோ வெளியிடும். மின்சார ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு மூன்று, மூன்றரை யூனிட் எடுப்பதால், நிலக்கரி மின்சாரத்திலும் அதில் பாதிதான். நிறைந்து ஓடும் பேருந்து இரண்டையும் விடக் குறைவு. சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒருவர் விமானத்தில் போனால் சுமார் 100 கிலோ. இருவர் போய்த் திரும்பினால் ஸ்கூட்டரின் ஓராண்டுப் பெட்ரோலுக்கு இணை. அவசரமில்லாத பயணத்துக்கு ரயில் டிக்கெட் எடுங்கள்.

படி 6: சமையலறைக் கழிவு

ஈரக் கழிவு குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலில் பற்றி எரிந்ததைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். துளையிட்ட மண்தொட்டியில், காய்கறித் தோல் ஒரு பங்குக்குக் காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ இரண்டு பங்கு போட்டு, சிறிது புளித்த மோர் தெளித்து, வாரம் ஒருமுறை கிளறுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். காய்ந்த இலையைச் சேருங்கள்.

படி 7: கூரை

கூரையில் சூரிய மின்தகடு வைப்பது கடைசியாக வருவதற்குக் காரணம் உண்டு: மேற்கண்டவற்றால் தேவையைக் குறைத்த பிறகு சிறிய அமைப்பே போதும். 1 கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. தகடுகள் தெற்கு நோக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழக் கூடாது. பேட்டரி இல்லாத அமைப்பு மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும் என்பதை விற்பவர்கள் பலர் சொல்வதில்லை.

படி 8: மறுபடியும் நோட்டைத் திறங்கள்

அடுத்த மின் பதிவை அதற்கு முந்தைய பதிவோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் அதே இரு மாதங்களோடு ஒப்பிடுங்கள். கோடையையும் மார்கழியையும் பக்கத்தில் வைத்தால் எதுவும் விளங்காது. பதிவு 500 யூனிட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டில் கட்டண விகிதமே மாறிவிடுவதால், அந்தக் கோட்டுக்கு அருகில் இருக்கும் வீடுகளில் சிறு குறைப்பும் பில்லில் உடனே தெரியும்; வீட்டில் மற்றவர்களை இணங்கவைக்க அந்தத் தொகையைக் காட்டுவது எளிது.