மழைக்காலத்திலும் காயும் துணி நாப்கின்: கையில் தூக்கிப்போகும் துவைப்பு வாளி செய்வது எப்படி?

ஐப்பசி பிறந்துவிட்டால் குன்னூர்ப் பக்கம் துணி காயாது. காலையில் கொடியில் போட்ட பாவாடையை சாயங்காலம் தொட்டால், போட்டபோது இருந்ததைவிட ஈரமாக இருப்பதுபோல் தோன்றும். கூடலூர்க்காரர்களுக்கு இதே பாடு ஆனி, ஆடியில். பாவாடைக்கே இந்த நிலை என்றால், பல அடுக்காகத் தைத்த துணி நாப்கினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதையும் யார் கண்ணிலும் படாமல் நைட்டிக்கு அடியில் ஒளித்துப் போட்டால், மூன்றாம் நாளும் நடுப்பகுதியில் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தோடு வைத்துக்கொண்டால் அரிப்பு வரும், தொடை இடுக்கு புண்ணாகும்.

என் சித்தி கொழுந்து பறிக்கும் வேலைக்குப் போகிறவர். அவர் இருக்கும் லைனில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) பத்து வீட்டுக்கு ஒரே குழாய். எல்லோர் முன்னாலும் அலச முடியாது என்று விடியுமுன் எழுந்து, கை விறைக்கும் தண்ணீரில் அலசி முடிப்பார். அவருக்காகத்தான் இந்தத் துவைப்பு வாளியைச் செய்ய ஆரம்பித்தேன்.

கடையில் விற்கும் நாப்கினே போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. நீலகிரியில் 2000-ஆம் ஆண்டு வாக்கில், சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்தபோதே, பிளாஸ்டிக் பைக்கு எதிரான வேலை தொடங்கிவிட்டது. ஆனால் பிளாஸ்டிக் தாள் வைத்த நாப்கின் இன்றும் தேயிலைச் செடிக்கு அடியிலும் ஓடையிலும் கிடக்கிறது. எரிக்கவும் முடியாது, புதைத்தாலும் மக்காது. துணியோ மாதவிடாய்க் கப்போ பயன்படுத்த விரும்புகிறவருக்கு, அதைச் சுத்தம் செய்ய ஒரு வழி வேண்டும்.

வாங்க வேண்டியவை

- இறுக்கமான மூடியுள்ள 5 லிட்டர் பிளாஸ்டிக் வாளி (பெயின்ட் வந்த வாளி வேண்டாம்)
- அதற்குள் அடங்கும், ஓட்டை போட்ட காய்கறிக் கூடை
- அரை இஞ்ச் பிவிசி குழாய் ஒன்றரை அடி, ஒரு டீ (T வடிவ இணைப்பு), ஒரு எண்ட் கேப் (குழாய் முனையை அடைக்கும் மூடி)
- தடிமனான சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம்
- வாட்டர் ஃபில்டரில் வரும் குழாய், வாஷர், நட்டோடு
- பழைய சைக்கிள் ட்யூப் துண்டு, துருப்பிடிக்காத ஸ்க்ரூ, நட்

கூடை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கூடைக்கும் வாளிச் சுவருக்கும் நடுவில் கட்டைவிரல் நுழைய வேண்டும். வடிகுழாயின் நட் வாளிக்கு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இடைவெளி இல்லையென்றால் கூடை உள்ளே இறங்கவே இறங்காது.

முதல் படி: வடிகுழாய்

வாளியின் அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில், குழாயின் மரை எவ்வளவு பருமனோ அந்த அளவுக்கு வட்டம் வரையுங்கள். டிரில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டு, அரத்தால் தேய்த்துப் பெரிதாக்கலாம். புகை நெஞ்சை அடைக்கும், அதனால் வாசலில் வைத்துச் செய்யுங்கள். வாஷர் ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. நட்டைக் கையால் இறுக்கி, தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். கசிந்தால் வாஷர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் படி: இடிப்பான்

கிண்ணத்தின் வாய் கூடையைவிட இரண்டு விரல் குறுகலாக இருக்கட்டும். அதைக் கவிழ்த்து, மேல் பக்கம் முழுக்கச் சுண்டுவிரல் நுழையும் அளவில் பன்னிரண்டு ஓட்டைகள் போடுங்கள். எண்ட் கேப்பைக் கிண்ணத்தின் நடுவில் ஸ்க்ரூ வைத்து இறுக்கி, குழாயை அதில் செருகி ஒட்டிவிடுங்கள். குழாயை மூடியின் நடுவில் போட்ட ஓட்டை வழியாக மேலே எடுத்து, கடைசியில் டீயைப் பொருத்தினால் கைப்பிடி தயார். மூடி ஓட்டையைச் சுற்றி ட்யூப் ரப்பரை வளையமாக வெட்டி ஒட்டுங்கள், தண்ணீர் தெறிக்காது.

நான் முதலில் செய்ததில் நான்கு ஓட்டைதான் போட்டிருந்தேன். அழுத்தினால் தண்ணீர் போக வழியில்லாமல் பக்கவாட்டில் பீறிட்டு மூடியைத் தூக்கிவிட்டது. சித்தி வீட்டுச் சுவரெல்லாம் தெறித்தது. அன்றைக்கு அவர் முகம் சுருங்கியதை மறக்க முடியவில்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகச் செய்த பொருள் அது. ஓட்டை எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மூன்றாம் படி: துவைத்துப் பார்ப்பது

கூடையை வாளிக்குள் இறக்கி நாப்கினை அதில் போடுங்கள். மூன்று நாப்கினுக்கு ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீர் போதும். முதல் தண்ணீர் சூடாக இருக்கவே கூடாது. கொதிநீர் பட்டால் முட்டை வெள்ளைக்கரு கெட்டியாகிறதல்லவா, அதேபோல ரத்தத்திலுள்ள புரதமும் இறுகி நூலைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் கறை போகாது. அரை மணி ஊறவிட்டு, முப்பது தடவை இடித்து, குழாயைத் திறந்து வடியுங்கள். அடுத்து சாதாரண பார் சோப்பைச் சீவிப் போட்டு இன்னொரு ஒன்றரை லிட்டர். இந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கலாம். பிறகு தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள், பெரும்பாலும் இரண்டு தடவை ஆகும். மொத்தம் ஆறு லிட்டர். மூடி போட்டபடியே எல்லாம் முடிந்துவிடும். வாளியில் என்ன இருக்கிறது என்று குழாயடியில் நிற்பவருக்குத் தெரியாது.

துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது நூலில் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் கெடுக்கும். சோப்புத் தண்ணீரை ஓடையில் விடாமல் மண்ணில் ஊற்றுங்கள்.

நான்காம் படி: பிழிவதும் காயவைப்பதும்

துவைப்பானைப் பற்றிப் பேசுகிறவர்கள் துவைப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். மலையில் அதற்குப் பிறகுதான் பாடே. நான் அதிக நாள் செலவழித்தது இதில்தான்.

முதலில் நாப்கினையே பாருங்கள். எல்லா அடுக்கையும் சேர்த்துத் தைத்தது மழைக்காலத்துக்கு ஒத்துவராது. உறை தனியாக, உள்ளே மடித்துச் செருகும் துணி தனியாக இருக்கட்டும். துவைத்தபின் உள்துணியை ஒற்றைப் படலமாக விரித்துவிடலாம். பாட்டி காலத்துப் பழைய வேட்டித் துணி சீக்கிரம் காய்ந்ததற்கும் இதுதான் காரணம்.

அடுத்து பிழிவது. தண்ணீர் வடிந்ததும் இடிப்பானால் துணியைக் கூடையோடு சேர்த்து, உடம்பு எடையைப் போட்டு அழுத்துங்கள். பிறகு காய்ந்த துண்டில் சுருட்டி ஏறி மிதியுங்கள். வசதி இருந்தால் கீரையைச் சுழற்றித் தண்ணீர் எடுக்கும் சாலட் ஸ்பின்னர் வாங்கலாம், அதற்குக் கரண்ட் வேண்டாம். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள கூடை நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் நீர்த்துளியை அதன் எடையைப்போலப் பத்து மடங்கு விசையோடு வெளியே தள்ளும். 600 சுற்றானால் நாற்பது மடங்கு.

இவ்வளவு பிழியச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். 80 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் வெந்நீர் 30 டிகிரிக்கு ஆறும்போது தருவது சுமார் 2,10,000 ஜூல். கொஞ்சமும் வீணாகாமல் போனால்கூட அது 87 கிராம் தண்ணீரைத்தான் உலர்த்தும். சொட்டச் சொட்டத் தொங்கவிட்டால் அந்த வெப்பம் எந்த மூலைக்கும் காணாது.

இந்தக் கணக்கை வைத்துத்தான் உலர்பெட்டி செய்தேன். இரண்டடி உயர அட்டைப்பெட்டி ஒன்று. கீழே நான்கு பக்கமும் ஐந்தைந்து ஓட்டை, மேலே பத்து ஓட்டை. உள்ளே குறுக்காக ஒரு கம்பி, அதில் க்ளிப் போட்டுத் துணியைத் தொங்கவிட வேண்டும். அடியில் ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர். சூடான காற்று ஈரத்தோடு மேலேறிப் போகும், கீழிருந்து புதுக்காற்று வரும். பாட்டில் ஒற்றைச் சுவருள்ளதாக இருக்க வேண்டும். ஃப்ளாஸ்க் வைத்தால் சூடு உள்ளேயே நின்றுவிடும். ஆறியதும் மறுபடி ஊற்றி வையுங்கள்.

கரி போட்ட கணப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கதவடைத்த அறையில் கணப்பு மூட்டித் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும், வாசனையும் தெரியாது.

வெயில் எட்டிப் பார்த்தால் பெட்டியை விட்டுவிட்டு வெளியே போடுங்கள். மறைக்கத்தான் வேண்டும் என்றால் மேலே மெல்லிய மல் துணி ஒன்று போதும். காய்ந்ததா என்று விரலால் பார்க்காதீர்கள், குளிரில் விரல் மரத்திருக்கும். நடுப்பகுதியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றால் இன்னும் ஈரம் இருக்கிறது.

கப் பயன்படுத்துகிறவர்களுக்கு

இந்த வாளி தேவையில்லை. மூடி போட்ட ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் முடிந்ததும் கப்பை வாசனையில்லாத சோப்பால் கழுவி, அந்த டம்ளரில் கொதிக்கவிட வேண்டும். அடியில் ஒட்டினால் கப்பின் சிலிக்கோன் கருகும், அதனால் சின்ன வடிகட்டியில் வைத்து இறக்குங்கள். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும், ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி குறைவு. கப் வந்த பெட்டியில் 5 நிமிடம் என்று போட்டிருந்தால் நான் 10 நிமிடம் வைக்கிறேன்.

வேலைக்கு எடுத்துப்போக

முழு வாளியும் தோட்டத்துக்குப் போக வேண்டாம். உள்ளே ரெயின்கோட் துணி வைத்துத் தைத்த ஜிப் பை இரண்டு போதும், ஒன்று சுத்தமானதற்கு, ஒன்று மாற்றியதற்கு. இரண்டும் வேறு வேறு நிறமாக இருந்தால் அவசரத்தில் குழப்பம் வராது. வீட்டுக்கு வந்ததும் நேரே வாளிக்குள் போட்டுவிடலாம்.

வாளியையும் ஒவ்வொரு முறையும் கழுவி, குழாயைத் திறந்தபடியே கவிழ்த்து வையுங்கள். மூடியில் ஒட்டிய ரப்பர்தான் முதலில் இற்றுப்போகும். சித்தி வாளியில் அதை இரண்டு தடவை மாற்றியாயிற்று. குழாயடிக்கு இப்போது அவர் ஏழு மணிக்குத்தான் போகிறார்.