கொயர் பாட்டிலிருந்து ஆப்பரா சோப்ரானோ வரை

மிசிசிப்பியின் லாரல் ஊரில் 1927-ல் பிறந்த கறுப்பினப் பாடகி லியோன்டீன் பிரைஸ், சர்ச் கொயரில் பாடி, ஜூலியார்ட் இசைப் பள்ளியில் படித்து, 1961-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா (பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய இசை நாடகம்) மேடை ஏறினார். பாளையங்கோட்டை, நாசரேத் பக்கம் கோயில் கொயரில் பாடும் பிள்ளைகளுக்கும் அதே வாசல் திறந்துதான் இருக்கிறது. முதலில் ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக் குறியீடு) பார்த்துப் பாடப் பழகுங்கள். காதால் கேட்டே பாடுவது கொயருக்குப் போதும், ஆப்பராவுக்குப் போதாது.

பெண் குரல்களில் மிக உயர்ந்ததான சோப்ரானோவுக்கு, பியானோவின் நடுவில் உள்ள சி சுரத்திலிருந்து இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) வேண்டும். குரல் உடைவது பெரும்பாலும் மேல் ஆக்டேவின் இ, எஃப் சுரங்களில். நெஞ்சுக் குரலையே (பேசும்போது வரும் கனத்த குரல்) மேலே இழுத்தால் தாடை தூக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், சுதி இறங்கும். கத்தினால் சரியாகாது. டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு சென்டிமீட்டர் முக்கி, அதன் வழியே குமிழி விட்டபடியே ஐந்து சுரம் பாடி ஏறி இறங்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அரைச்சுரம் கூட்டுங்கள். குமிழி நின்றால் மூச்சு அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஐந்து நிமிடம் போதும்.

பிறகு 'ஆ' பாடிக்கொண்டே மூக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒலி மாறினால் குரல் மூக்கு வழியே கசிகிறது. 'மரம்', 'அவன்' என்பவற்றின் முடிவை மூக்கால் பேசும் நம் வாய்க்கு இது சகஜம். இத்தாலிய இரட்டை மெய்யோ ('அம்மா'வின் 'ம்ம' போல) நமக்குச் சுலபமாக வரும். பதினாறு, பதினேழு வயதில் கனமான ஆப்பராப் பாட்டு வேண்டவே வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டின் சிறிய இத்தாலியப் பாடல்களே போதும்.