டியூன் செய்த டர்போ சுபாருவில் நாக்கிங்கைக் கண்காணிப்பது எப்படி: லாக் எடுப்பது முதல் படிப்பது வரை

டியூன் செய்த டர்போ வண்டியில் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை தானாக வெடிப்பது, வந்தால் பெரும்பாலும் காதுக்கே எட்டாது. பழைய கார்புரேட்டர் வண்டி மேட்டில் ஏறும்போது தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கியதுபோல் தட்டுமே, அது வேறு. டர்போவில் முழு பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும்போது எக்ஸாஸ்ட், காற்று, டயர் எல்லாம் சேர்ந்து போடும் சத்தத்தில் அந்தத் தட்டல் மூழ்கிப்போகும். சுபாருவின் இஜே255, இஜே257 இன்ஜின்களில் பிஸ்டன் வளையங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய விளிம்பு உடைவது எல்லோரும் அறிந்த நோய். அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று கவனிக்கப்படாத நாக்கிங். வண்டி புகை தள்ளி, கம்ப்ரஷன் விழுந்த பிறகு லாக் (வண்டி ஓடும்போது அதன் கணினி தரும் எண்களின் பதிவு) எடுத்துப் பயனில்லை.

இந்த விளக்கம் அமெரிக்கச் சந்தையின் 2006 முதல் 2014 வரையிலான டபிள்யூஆர்எக்ஸ், எஸ்டிஐ வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. கருவி டாக்ட்ரிக்ஸ் ஓப்பன்போர்ட் 2.0, மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும் ரோம்ரெய்டர் லாகர். வேறு கம்பெனி வண்டியில் பெயர்கள் மாறும், படிக்கும் முறை மாறாது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: லாக் எதைக் காட்டுகிறது?

நாக் சென்சார் என்பது பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு பீசோ மைக். சிலிண்டருக்குள் எரியாமல் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும்போது, உள்ளே இருக்கும் வாயு ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலிக்கும். அந்த அதிர்வெண்ணைத் தோராயமாகக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு: போரின் (சிலிண்டரின் உள்விட்டம்) ஆரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை 3.14ஆல் பெருக்கி, 900ஐ அந்த எண்ணால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸில் விடை வரும். இஜே257இன் போர் 99.5 மிமீ, ஆரம் 49.75. விடை சுமார் 5.8 கிலோஹெர்ட்ஸ். ஈசியூ (இன்ஜினை நிர்வகிக்கும் கணினி) இந்தப் பகுதியில் வரும் சத்தத்தைத்தான் உற்றுக் கேட்கிறது.

ஆனால் அந்தச் சத்தம் உங்கள் லாக்கில் வராது. லாக்கில் வருவது, அதைக் கேட்டு ஈசியூ எடுத்த முடிவு மட்டுமே. அது ஒரு சாட்சியின் வாக்குமூலம் மாதிரி. பெரும்பாலும் உண்மையாக இருக்கும், சில நேரம் தப்பாகவும் இருக்கும். இந்த ஒன்றை மறந்தால் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். ஹீட் ஷீல்டு ஆடும் சத்தத்துக்குப் பயந்து நல்ல டியூனைக் கெடுப்பார்கள், இல்லாவிட்டால் நிஜ நாக்கிங்கைச் "சும்மா இரைச்சல்" என்று ஒதுக்குவார்கள்.

சுபாரு ஈசியூ தன் முடிவை மூன்று எண்களில் சொல்கிறது.

*ஃபீட்பேக் நாக் கரெக்‌ஷன்:* நாக்கிங் கேட்ட அந்தக் கணத்தில் டைமிங்கை (பிளக் தீப்பொறி விடும் நேரம்) இழுக்கும், அதாவது தாமதப்படுத்தும் எண். பல ரோம்களில் (ஈசியூவில் ஏற்றியிருக்கும் மென்பொருள்) ஒரு தடவைக்கு 1.4 டிகிரி இழுக்கும். சில ரோம்களில் இது கூடுதல். மேலும் கேட்டால் மேலும் இழுக்கும். அடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும்.

*ஃபைன் லேர்னிங் நாக் கரெக்‌ஷன்:* இது நினைவு. எந்த ஆர்பிஎம், எந்த லோடில் (ஒரு சுற்றுக்கு இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவு) நாக்கிங் வந்ததோ அந்தக் கட்டத்தில் ஒரு கழித்தல் எண்ணை எழுதி வைக்கும். மறுபடி அங்கே போகும்போது முன்கூட்டியே டைமிங்கைக் குறைக்கும். கட்டங்கள் அகலமானவை. ஓர் இடத்தில் கேட்ட நாக்கிங்குக்காக அந்தக் கட்டம் முழுவதும் தண்டனை அனுபவிக்கும்.

*ஐஏஎம் (இக்னிஷன் அட்வான்ஸ் மல்டிப்ளையர்):* மொத்த நம்பிக்கை அளவு. 32 பிட் ஈசியூவில் 0 முதல் 1 வரை, பழைய 16 பிட்டில் 0 முதல் 16 வரை. பெரிய அளவில் பிரச்சினை என்று ஈசியூ நினைத்தால் இதைக் குறைக்கும்.

கணக்கு இப்படி: ஓர் இடத்தில் பேஸ் டைமிங் 10 டிகிரி, அதன் மேல் சேரும் டைனமிக் அட்வான்ஸ் 8 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டைனமிக் அட்வான்ஸை ஐஏஎம்மால் பெருக்கித்தான் கூட்ட வேண்டும். ஐஏஎம் 1 என்றால் 18 டிகிரி. அது 0.75 ஆனால் 16. அதோடு ஃபீட்பேக் கழித்தல் 1.4 சேர்ந்தால் 14.6. "வண்டி திடீர்னு மந்தமா இருக்கு" என்பவர்களில் பலருக்கு விடை இந்தக் கணக்கிலேயே இருக்கும்.

படி 1: லாக் எடுக்கும் முன் வண்டியைப் பாருங்கள்

ஆயில் அளவு, கூலன்ட் அளவு, பிளக். பூஸ்ட்டைக் கூட்டிய வண்டியில் ஒரு படி குளிர்ந்த பிளக், இடைவெளி சுமார் 0.7 மிமீ என்பது வழக்கம். இன்டர்கூலர் குழாய் கிளாம்ப் எல்லாம் இறுகியிருக்கிறதா பாருங்கள். ஏர்ஃப்ளோ சென்சாருக்குப் பிறகு காற்று கசிந்தால் ஈசியூ எண்ணிய காற்றும் உள்ளே போன காற்றும் வேறு வேறாகிவிடும், பிறகு லாக்கில் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

நாக் சென்சாரைக் கழற்றி மாட்டியிருந்தால் டார்க் ரெஞ்ச் கட்டாயம். இந்த வகை சென்சாருக்குப் பொதுவான இறுக்கம் 20 நியூட்டன் மீட்டர், 5 கூடலாம் அல்லது குறையலாம். உங்கள் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்ணையே பின்பற்றுங்கள். அடியில் கிரீஸ், வாஷர், நூல் பூட்டும் பசை எதுவும் கூடாது. பரப்பு சுத்தமான உலோகமாக இருக்க வேண்டும்.

பெட்ரோலில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. அமெரிக்க பங்கில் எழுதியிருக்கும் 93 என்பது ஆர்ஓஎன், எம்ஓஎன் என்ற இரண்டு ஆக்டேன் அளவீடுகளின் சராசரி. அது ஆர்ஓஎன் கணக்கில் சுமார் 98. இலங்கையிலும் இந்தியாவிலும் 95 என்று விற்பது ஆர்ஓஎன். இணையத்தில் கிடைத்த "93 ஆக்டேன் மேப்" ஒன்றை எடுத்து 95 பெட்ரோல் ஓடும் வண்டியில் ஏற்றினால் நாக்கிங் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

படி 2: மென்பொருளை ஆயத்தப்படுத்துங்கள்

ஓப்பன்போர்ட் டிரைவர், ரோம் ஏற்றும் மென்பொருளான ஈசியூஃபிளாஷை நிறுவும்போதே கூட வரும். அடுத்து ரோம்ரெய்டரும் ஜாவாவும். ஓப்பன்போர்ட் டிரைவர் 32 பிட் என்பதால் 32 பிட் ஜாவாவே வேண்டும். புதியவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். பிறகு லாகர் டெஃபனிஷன் கோப்பையும் ஈசியூ டெஃபனிஷன் கோப்பையும் (எந்த எண் எங்கே இருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்பவை) இறக்கி, செட்டிங்ஸில் அவை இருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் கேபிளைச் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். லாகர் இணைந்ததும் ஈசியூ அடையாள எண்ணைக் காட்டும். ரேடியேட்டர் ஃபேன் விட்டு விட்டு ஓடி, செக் இன்ஜின் விளக்கும் சிமிட்டினால் பயப்பட வேண்டாம். ரோம் ஏற்றும்போது இணைத்த பச்சை நிற கனெக்டர்கள் இன்னும் இணைந்தே இருக்கின்றன என்று அர்த்தம். பிரித்துவிடுங்கள்.

நாக் சம்பந்தமான எண்கள் பட்டியலில் நட்சத்திரக் குறியோடு இருக்கும். அவை தெரியவே இல்லை என்றால் உங்கள் ஈசியூ எண் டெஃபனிஷன் கோப்பில் இல்லை. புதிய கோப்பு தேடுங்கள்.

படி 3: எதை லாக் செய்வது?

எல்லாவற்றையும் டிக் செய்துவிடும் ஆசை வரும். வேண்டாம். பழைய கே-லைன் இணைப்பின் வேகம் 4800 பாட், அதாவது விநாடிக்கு அதிகபட்சம் 480 பைட். ஐஏஎம், ஃபீட்பேக், ஃபைன் லேர்னிங், லோடு ஒவ்வொன்றும் 4 பைட் எடுக்கக்கூடியவை. ஒரு வரிக்கு 30 பைட் என்றால் ஃபாஸ்ட் போலிங் (வேகமாக வாசிக்கும் வசதி) போட்டும் விநாடிக்கு 16 வரிதான் கிடைக்கும். 6000 ஆர்பிஎம்மில் இன்ஜின் விநாடிக்கு 200 முறை எரிகிறது. பட்டியல் நீள நீள, இரண்டு வரிகளுக்கு நடுவே நடப்பது மறைந்துபோகும்.

இவை போதும்: ஆர்பிஎம், த்ராட்டில் கோணம், மாஸ் ஏர்ஃப்ளோ, இன்ஜின் லோடு, மேனிஃபோல்டு பிரஷர், மொத்த இக்னிஷன் டைமிங், நாக் எண்கள் மூன்று, வேஸ்ட்கேட் டியூட்டி (பூஸ்ட்டைக் கட்டுப்படுத்த ஈசியூ தரும் கட்டளை), இன்டேக் காற்று வெப்பம், ஏ/எஃப் சென்சார் (காற்று-பெட்ரோல் விகிதத்தை அளப்பது). வைட்பேண்டு மீட்டர் (அதே விகிதத்தை அகலமான வரம்பில் அளப்பது) பொருத்தியிருந்தால் அதையும் சேருங்கள். ஸ்டாக் முன் சென்சார் 11க்குக் கீழான கலவையைச் சரியாகக் காட்டாது, அது 11.1 என்று தட்டையாக நின்றால் அதை நிஜ அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேகம் பத்தாவிட்டால் லோடை விட்டுவிட்டுப் பிறகு கணக்குப் போட்டுக்கொள்ளலாம்: ஏர்ஃப்ளோவை 60ஆல் பெருக்கி ஆர்பிஎம்மால் வகுக்க வேண்டும். 4300 ஆர்பிஎம்மில் 186 கிராம்/விநாடி என்றால் லோடு 2.6 கிராம்/சுற்று.

படி 4: ஓட்டம்

கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டி, ஆயிலும் சூடான பிறகே தொடங்குங்கள். இடம் டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சோதிக்கும் உருளை மேடை) அல்லது மூடிய டிராக். லேப்டாப் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் இருக்கட்டும், ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது. பின் கண்ணாடி டிஃபாகர் பட்டனை அழுத்தினால் பதிவு தொடங்கும் வசதி லாகரில் உண்டு, செட்டிங்ஸில் அதைப் போட்டுக்கொண்டால் வேலை சுலபம்.

முதலில் 15 நிமிடம் சாதாரண ஓட்டம், அதற்கும் லாக். ஐஏஎம் 1 இல்லாவிட்டால் முழு த்ராட்டிலுக்குப் போகவே வேண்டாம். ஈசியூவை இப்போதுதான் ரீசெட் செய்தீர்கள் என்றால் பல ரோம்களில் அது 0.5இலிருந்து தொடங்கி மெல்ல ஏறும், பொறுங்கள். ரீசெட் செய்தால் ஃபைன் லேர்னிங் நினைவும் அழிந்துவிடும். வண்டி விற்பவர் பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டு "பாருங்க, லாக் சுத்தமா இருக்கு" என்று காட்டுவதற்கு வழி இதுதான்.

பிறகு மூன்றாம் கியரில் 2500 ஆர்பிஎம்மில் நிலையாக வந்து, த்ராட்டிலை ஒரு விநாடி எடுத்து முழுவதும் அழுத்தி, 6500 வரை. கியர் மாற்றாதீர்கள். இரண்டாம் கியர் வேண்டாம், ஆர்பிஎம் சட்டென ஏறிவிடுவதால் லோடு முழுதாகச் சேராது. இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே சில நிமிடம் மெதுவாக ஓட்டி இன்டர்கூலரை ஆற விடுங்கள். மொத்தம் மூன்று ஓட்டம். ஒரே ஓட்டத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

நடுவில் ஃபீட்பேக் 2.8 டிகிரி அல்லது அதற்கு மேல் இழுப்பதைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்தால் "விடு" என்று சொல்ல வேண்டும். ஓட்டுபவர் காரணம் கேட்காமல் காலை எடுக்க வேண்டும்.

படி 5: லாக்கைப் படிப்பது

கோப்பு சிஎஸ்வி வடிவில் வரும். விரிதாளில் திறந்து, த்ராட்டில் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும் வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். ஒரு கற்பனை லாக்கை எடுத்துக்கொள்வோம். மூன்று ஓட்டத்திலும் 4200 முதல் 4400 ஆர்பிஎம் வரை ஃபீட்பேக் கழித்தல் 1.4, ஒன்றில் 2.8. ஐஏஎம் 1. அதே வரிகளில் பூஸ்ட் 19 பிஎஸ்ஐ, இலக்கு 17. கலவை 11.0, குறையில்லை. அப்படியானால் டைமிங் அட்டவணையைத் தொட வேண்டியதில்லை. பூஸ்ட் இலக்கைத் தாண்டிக் குதிக்கிறது, வேஸ்ட்கேட் டியூட்டியைத்தான் அந்த இடத்தில் குறைக்க வேண்டும். நாக்கிங் வந்த வரியைப் பார்ப்பதைவிட அதற்கு முந்தைய ஐந்து வரிகளைப் பார்ப்பது அதிகம் சொல்லும்.

பொதுவான அளவுகோல்: ஒரே ஆர்பிஎம்மில் திரும்பத் திரும்ப வந்தால் நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். த்ராட்டிலை மிதித்த கணத்திலோ கியர் மாற்றும்போதோ லேசான லோடில் ஒருமுறை 1.4 வந்து மறைந்தால் பெரும்பாலும் இரைச்சல். அதிக லோடு கட்டத்தில் ஃபைன் லேர்னிங் கழித்தல் 2.8ஐத் தொட்டால் ஓட்டுவதை நிறுத்திக் காரணம் தேடுங்கள். லேர்னிங் டேபிள் முழுவதையும் ரோம்ரெய்டரில் ஒரே திரையில் பார்க்கலாம், அதையும் சேமித்து வையுங்கள்.

வெயில் நேரத்தில் மட்டும் வந்தால் இன்டேக் காற்று வெப்பம். பெட்ரோல் போட்ட மறுநாள் தொடங்கினால் பெட்ரோல். நீண்ட வளைவுக்குப் பிறகு வந்தால் பிரீதர் வழியாக ஆயில் ஆவி உள்ளே போகிறதா பாருங்கள், ஆயில் கலந்தால் ஆக்டேன் இறங்கிவிடும்.

படி 6: நிஜமா, இரைச்சலா?

இங்கே இரண்டாவது சாட்சி வேண்டும். முதல் சோதனைக்குச் செலவில்லை. சந்தேகப்படும் கட்டத்தில் மட்டும் டைமிங்கை 2 டிகிரி குறைத்து மறுபடி ஓட்டுங்கள். கழித்தல் மறைந்தால் நிஜ நாக்கிங். டைமிங்கைக் குறைத்தும் அதே இடத்தில் அதே எண் வந்தால் ஏதோ ஒன்று தட்டுகிறது. கடினமான இன்ஜின் மவுண்ட், எடை குறைந்த ஃபிளைவீல், கிராஸ்மெம்பரில் உரசும் டவுன்பைப், தளர்ந்த ஹீட் ஷீல்டு, குளிர்ந்த நிலையில் ஃபோர்ஜ்டு பிஸ்டன் அடிப்பது எல்லாமே அதே அதிர்வெண்ணில் சத்தம் போடக்கூடியவை. அப்போதும் சென்சாரின் உணர்திறனைக் குறைக்கக் கை வைக்காதீர்கள், தட்டும் பொருளைக் கண்டுபிடியுங்கள்.

இரண்டாவது சோதனை காது. பிளெக்ஸ், ஃபார்முலா, லிங்க் நிறுவனங்களின் மின்னணு நாக் கருவிகள் உண்டு. கையால் செய்வதென்றால்: 8 மிமீ செப்புக் குழாய் ஒரு சாண் நீளம், ஒரு முனையை நசுக்கித் துளையிட்டு பிளாக்கில் காலியாக இருக்கும் போல்ட் துளையில் இறுக்குங்கள். மறுமுனையில் 3 மீட்டர் ரப்பர் ஹோஸ் மாட்டி, எக்ஸாஸ்டிலும் பெல்ட்டிலும் படாமல் ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, இரைச்சல் தடுக்கும் காது மஃபில் துளையிட்டுச் செருகுங்கள். இதையும் பக்கத்து இருக்கைக்காரர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். இன்ஜின் ஓடும் சத்தம் சீரான முனகலாகக் கேட்கும். நாக்கிங் அதன் மேல் சுள்ளி ஒடிவதுபோல் தனியாகத் தெறிக்கும். கேட்டவுடன் அவர் "இப்ப" என்று சொல்லட்டும், ஆர்பிஎம்மைக் குறித்துக்கொண்டு லாக்கோடு ஒப்பிடுங்கள்.

டியூனருக்கு அனுப்பும்போது மூன்று ஓட்டக் கோப்புகளும், சாதாரண ஓட்டக் கோப்பும், லேர்னிங் டேபிளும் சேர்த்து அனுப்புங்கள். கோப்புப் பெயரில் தேதி, ரோம் பதிப்பு, பெட்ரோல் வகை, வெளிவெப்பம், கியர் இருக்கட்டும்.